ஹாஜரா பீவி வீட்டு டிஷ்

அத்தியாயம் 11

சாருமதி சாட்சிக் கூண்டில் ஏறியவள் இன்னும் இறங்கவில்லை. பத்திரத்தில் இருப்பது யாருடைய கையெழுத்து என்று ஜட்ஜ் கேட்டுவிட்டார். சாருமதி வாயைத் திறந்தும் விட்டாள். புதன்கிழமை சாயங்காலம் சரியாக அந்த இடத்தில்தான் காயல்பட்டினம் ஹாஜரா பீவி வீட்டு டிவி நீல நிறமாகி, 'உங்கள் சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது' என்று எழுதிக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

காற்றில் டிஷ் சாய்ந்திருக்கும், பெட்டி சூடாகியிருக்கும் என்று ஹாஜரா பீவி என்னென்னவோ செய்து பார்த்ததும், ஷார்ஜாவிலிருந்து மாப்பிள்ளை யாசிர் தன் மனைவி ஷஃபீகாவுக்கு அனுப்பிய ஒரே ஒரு வரியில் குட்டு வெளிப்பட்டதும் போன அத்தியாயக் கதை. 'நீ வேலையை விடு, உம்மாவுக்கு டிவி வரும்.' அவ்வளவுதான் அந்த வரி.

மாப்பிள்ளை கெட்டிக்காரர். மனைவியோடு நேருக்கு நேர் மோதிப் பார்த்துவிட்டார், ஜெயிக்க முடியவில்லை. அதனால் மாமியாரின் சாயங்காலத்தில் கை வைத்தார். டிவி கணக்கு அவர் பேரில், அவர் போன் நம்பரில் இருந்தது. ஷார்ஜாவில் சாய்ந்து உட்கார்ந்தபடி விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், காயல்பட்டினத்தில் ஒரு வீடு வாயடைத்துப் போகும். மாமி ஒரு நாள் பொறுப்பார், ரெண்டு நாள் பொறுப்பார், அப்புறம் மகளை ஏசத் தொடங்குவார், மகள் வீட்டோடு கிடப்பாள். இதுதான் அவர் போட்ட கணக்கு.

சும்மா சொல்லக் கூடாது, கணக்கு பாதி பலித்தும் விட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஷஃபீகா ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "ஒனக்கென்னளா, நீ பாட்டுக்கு பஸ் ஏறிப் போயிருதே. நான்தான் இந்தச் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்" என்று ஹாஜரா பீவி கொட்டிவிட்டாள். ஷஃபீகா பையை மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவும் இல்லை. சொன்னவளுக்கும் அதன் பிறகு சோறு இறங்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை. ஹாஜரா பீவி அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஷஃபீகா வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

"உம்மா, நான் வேலையை விட்டுருதேன்."

ஹாஜரா பீவி நிமிர்ந்து பார்த்தாள். "அழுதியாளா?"

"இல்ல."

"மூக்கு செவந்து கெடக்கு."

"வெங்காயம்."

"வெங்காயத்த நான்ல உரிக்கேன்."

ஷஃபீகா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஏஜென்ட் ஆபீஸில் அவளுக்கு வேலை. எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏறுகிறது, அதற்கு என்ன பேப்பர் வேண்டும் என்று கம்ப்யூட்டரில் போடுகிற வேலை. பி.காம். முடித்த கையோடு கல்யாணம். கல்யாண வீட்டுப் பந்தல் பிரிப்பதற்குள் மாப்பிள்ளை விமானம் ஏறிவிட்டார். இரண்டு வருஷம் ஜன்னலுக்கும் போனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவள், இந்த ரம்ஜானுக்குப் பிறகுதான் தானாகவே விண்ணப்பம் போட்டு, இன்டர்வியூவுக்குப் போய், வேலையோடு திரும்பி வந்தாள். அன்றைக்கு அவள் வாசலில் நுழைந்த நடையை ஹாஜரா பீவி மறக்கவில்லை.

"யாருக்காக விடுதே?" என்று கேட்டாள்.

"ஒங்களுக்காகத்தான். சாயங்காலமானா நீங்க அந்தச் சோபாவுல உக்காந்து, ஓடாத டிவியப் பாத்துக்கிட்டு இருக்கிய. என்னால அதப் பாக்க முடியல உம்மா."

ஹாஜரா பீவியின் கை நின்றுவிட்டது. எனக்காகவா? மாப்பிள்ளை கோபப்படுகிறார் என்பதற்காக இல்லை, ஊர் பேசும் என்பதற்காக இல்லை, அவள் வாப்பா முணுமுணுக்கிறார் என்பதற்காகவும் இல்லை. எனக்காக. அப்படியென்றால் என் மகளை அடிக்க மாப்பிள்ளை கையில் எடுத்த கம்பு நான்தான். வெள்ளிக்கிழமை அந்தக் கம்பு நன்றாகவே அடித்தும் இருக்கிறது. நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேல் வந்த கோபம் அப்படியே திசை மாறி ஷார்ஜா பக்கம் போய் நின்றது.

வெங்காயத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

"போயி அனிஷாவக் கூட்டிட்டு வா."

"எதுக்கு?"

"கூட்டிட்டு வான்னா கூட்டிட்டு வாளா!"

அனிஷா பின்வீட்டுக்காரி. இந்த ஊரில் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் புழங்குகிற சந்து உண்டு, முடுக்கு என்பார்கள். ஆண்கள் யார் கண்ணிலும் படாமல் நாலு தெரு தள்ளிப் போய் மொளகாப்பொடி கடன் வாங்கி வந்துவிடலாம். அனிஷா அந்த முடுக்கு வழியாக, கூப்பிட்ட குரல் அடங்குவதற்குள் வந்து நின்றாள். ஒரு வீட்டில் டிவி ஓடவில்லை என்றால் அவளுக்கு அது தன் வீட்டுத் துக்கம் மாதிரி.

"ராத்தா, நான் புதன்கெழமையே சொல்லணும்னு இருந்தேன். எங்க வீட்ல ஃப்ரீ டிஷ் பெட்டி சும்மா கெடக்கு. வைஃபை போட்ட பொறவு யாரு அதத் தொடுதா? கவர்மென்ட் குடுக்கிறது ராத்தா. மாசாமாசம் ரீசார்ஜ் கெடையாது, கணக்கு கெடையாது, யாரு பேரும் கெடையாது. எவனும் எங்கன இருந்தும் நிறுத்த முடியாது."

கடைசி வாக்கியம் ஹாஜரா பீவிக்கு இனித்தது. "இன்னொரு தரம் சொல்லு."

"எவனும் நிறுத்த முடியாது. ஆனா ராத்தா..." அனிஷா குரலைத் தாழ்த்தினாள். "அதுல ஒங்க சாருமதி வர மாட்டா. அந்த சேனலெல்லாம் துட்டு கட்டுனாத்தான். தமிழ்ல தூர்தர்ஷன் வரும், நியூஸ் வரும், இன்னும் ஒண்ணு ரெண்டு. பாக்கியெல்லாம் இந்திதான்."

ஷஃபீகா உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருஷமாக அந்த சீரியலில் சாருமதியோடு அழுது, அவளோடு சாபம் விட்டு, அவள் பிள்ளை தொலைந்த வாரம் உடம்புக்கு முடியாமல் படுத்தவள் ஹாஜரா பீவி. ஷஃபீகாவுக்கு நன்றாகவே தெரியும், சாருமதியை விடுவது உம்மாவுக்கு லேசு இல்லை.

"அந்தக் கையெழுத்து மூத்த மருமகன் போட்டதுதான்," என்றாள் ஹாஜரா பீவி. "எனக்கு ஆரம்பத்துலயே தெரியும். அவன் முழியப் பாத்தாலே தெரியுமே! கோர்ட்டுல அவ அதத்தான் சொல்லியிருப்பா. இனிமே என்னத்தப் பாக்கக் கெடக்கு? போ, பெட்டிய எடுத்துட்டு வா."

சொல்லிவிட்டாளே தவிர, உரித்து வைத்த வெங்காயத்தையே எடுத்து மறுபடி உரிக்கத் தொடங்கினாள்.

முன்கட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த காஜா முஹ்யித்தீன் இத்தனையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஹாஜரா பீவியின் கணவர். கொழும்பில் ரத்தினக்கல் வியாபாரம் செய்து முடித்துவிட்டு வந்தவர், இப்போது செய்திச் சேனல்களில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்பதுதான் அவருக்குப் பொழுது. டிவி நின்றதிலிருந்து டீக்கடை டிவிக்கு முன்னால் போய் நிற்கிறார். இருந்தாலும் சண்டை என்றால் அவருக்கு ஆகாது. வீட்டில் ரெண்டு பேர் குரலை உயர்த்தினால் மூன்றாவது ஆளாக வெளியே நழுவச் செருப்பைத் தேடுவார்.

"ஏளா ஹாஜரா, மாப்பிள்ளை மனசு கோணிரும். மாடியில நிக்கிற டிஷ் அவங்க வாங்கிப் போட்டது. அதுல கை வைக்காதே."

"வைக்கல. அவங்க டிஷ் அவங்க வானத்தப் பாத்துக்கிட்டே நிக்கட்டும். நான் வேற வைக்கப் போறேன்."

"அவங்களுக்குத் தெரிஞ்சா?"

"தெரியணும்னுதானே வைக்கேன்!"

"நான் இதுல இல்லப்பா," என்று அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். மதியத்து லுஹர் தொழுகைக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. அவர் அதற்குள் பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மற்ற ஊர்களில் பெண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போவாள். இந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்கு. ஹாஜரா பீவிக்கு அவள் உம்மா கொடுத்த வீடு இது, ஷஃபீகாவுக்குக் கல்யாணத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. காஜா முஹ்யித்தீனும் வந்தவர்தான், யாசிரும் வந்தவர்தான். வந்தவருக்கு இந்த வீட்டில் மரியாதையும் குறைந்ததில்லை. இரண்டு வருஷமாக ஹாஜரா பீவி மாப்பிள்ளையோடு நேரில் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அவர் லீவில் வந்திருக்கும்போதும் கதவுக்குப் பின்னால் நின்று, 'இன்னும் ரெண்டு இடியாப்பம் வைக்கவான்னு மாப்பிள்ளையக் கேளுங்க' என்று கணவரிடம் சொல்லி அனுப்புவாள். அது பயம் இல்லை, அவள் வளர்ந்த விதம். மாப்பிள்ளை அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டதில்தான் வந்தது வினை.

மாடியில் வெயில் ஏறிவிட்டது. அனிஷா வீட்டு மாடியும் இந்த வீட்டு மாடியும் ஒட்டிக்கொண்டிருக்கும், நடுவில் இடுப்பளவுச் சுவர். அதன் மேலாகப் பெட்டி வந்தது, கேபிள் சுருள் வந்தது, ஸ்டாண்டு வந்தது. டிஷ் மட்டும் உடனே வரவில்லை. தண்ணீர்த் தொட்டி கட்டும்போது கழற்றிப் போட்ட அந்த டிஷ்ஷில் அனிஷா வடகம் காயப் போட்டிருந்தாள்.

"இதத் தட்டிட்டுத் தாரேன் ராத்தா. முக்காவாசி காஞ்சிட்டு."

"பதறாதே. வடகத்த வீணாக்கிராதே," என்று ஹாஜரா பீவி முந்தானையைப் பிடித்தாள்.

வடகம் முந்தானைக்குப் போனது, டிஷ் ஸ்டாண்டுக்குப் போனது. மாட்டிக் கொடுக்க வழக்கமாக வருகிற மெக்கானிக் ரோச்சுக்கு ஷஃபீகா போன் போட்டாள். வீரபாண்டியன்பட்டினத்துக்காரர், மாதா கோயிலில் ஞாயிற்றுப் பூசை முடிந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார்.

"ஏமா, தப்பா நெனைக்காதிய. யாசிர் அண்ணாச்சி எனக்குப் போன் போட்டுட்டாவ. 'வீட்ல இருந்து யாரு கூப்பிட்டாலும் போகாதே'ன்னு சொல்லிட்டாவ. நாளைக்கு அவங்க சொந்தக்காரங்க வீடு பூராவும் நான்தான் பாக்கணும், என் பொழப்பு இருக்குல்லா?"

ஷஃபீகாவின் முகம் கறுத்தது. இந்த ஓட்டையைக் கூட மாப்பிள்ளை அடைத்து வைத்திருக்கிறார். ஹாஜரா பீவி போனை வாங்கினாள்.

"ரோச்சு, நீ வர வேண்டாம்ப்பா. வாயால சொல்லலாம்லா?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "சொல்லக் கூடாதுன்னு அண்ணாச்சி சொல்லல அக்கா. மொகத்த நல்லா மேல தூக்கி வையுங்க. கெழக்கப் பாத்து, கொஞ்சம் தெக்க."

"கொஞ்சம்னா எம்புட்டு?"

"அதக் கண்ணால பாத்துத்தான் அக்கா சொல்ல முடியும். கொஞ்சம் கொஞ்சமா அசைச்சுப் பாருங்க, மாட்டிரும்." ரோச்சின் வீட்டுக்காரி கூப்பிடுவது கேட்டது. போன் நின்றுவிட்டது.

மூன்று பெண்களும் கிழக்கே பார்த்தார்கள். கிழக்கு என்றால் சின்ன இடமா? அடுத்த தெருத் தென்னைக்கு அந்தப் பக்கம் கடல் முழுக்கக் கிழக்குதான். கொஞ்சம் தெற்கு என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வலது பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் ஒரு தடவை திருப்பினார்கள். பெட்டியை டிவியில் மாட்டிவிட்டு ஷஃபீகா ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போய்ப் பார்த்தாள், சிக்னல் பட்டை அசையவே இல்லை.

அனிஷா நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைத்தாள். "எங்க வீட்டுக்காரர் மாட்டும்போது நான் இங்கனதான் நின்னேன். அப்பவே மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு ராத்தா. டிஷ் கிப்லாவுக்கு நேரா முதுகக் காட்டிக்கிட்டு நிக்குதேன்னு."

ஹாஜரா பீவி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நேராவா?"

"அச்சொட்டா."

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதாளா?"

கண்ணைக் கட்டி விட்டாலும் ஹாஜரா பீவிக்குத் தப்பாத திசை ஒன்று உண்டு. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து தடவை இந்த வீட்டில் அவள் நின்ற திசை அது. தலையில் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, தொழுகைக்கு நிற்பதுபோல் மக்கா பார்த்து நின்றாள். கால் தானாகவே இடம் பிடித்தது. பிறகு அப்படியே முழுசாகத் திரும்பி, மூக்குக்கு நேராகக் கையை நீட்டினாள். தென்னைக்கு மேலே, கடலுக்கு மேலே, இலங்கை இருக்கும் பக்கம்.

"அங்கன. அத விட்டு அசையக் கூடாது. இனிமே மேலயும் கீழயும் மட்டும் பாப்போம்."

ஷஃபீகா டிவிக்கு முன்னால் ஓடினாள். அனிஷா மாடிப்படியின் நடுவில் நின்றாள், கீழே இருந்து வரும் சேதியை மேலே அனுப்ப. டிஷ்ஷைப் பிடித்தது ஹாஜரா பீவி. விளிம்பு சூடாகி உள்ளங்கையைச் சுட்டது, விடவில்லை. பக்கத்து மாடியில் துணி காயப் போட வந்தவள் வேலையை மறந்து நின்றாள். அதற்குப் பின்னால் இன்னொரு தலை. முடுக்கில் போன ஒருத்தி அண்ணாந்து, "என்ன ராத்தா, மாப்பிள்ளை வாராவளா? பந்தல் போடுதியளா?" என்று கேட்டாள்.

"மாப்பிள்ளை வரல. சிக்னல் வருதான்னு பாக்கோம்!"

"இன்னும் மேலயாம்!" என்று அனிஷா படியிலிருந்து கத்தினாள்.

ஹாஜரா பீவி டிஷ்ஷின் முகத்தை ஒரு விரல் அளவு தூக்கினாள்.

"பட்டை ஏறுதாம்! இன்னும் கொஞ்சம்! ஐயோ போயிட்டாம், எறக்குங்க!"

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மயிரிழை இறக்கினாள். கீழே சத்தமே இல்லை. பிறகு ஷஃபீகாவின் குரல், அனிஷாவைத் தாண்டி நேராகவே மேலே வந்தது.

"உம்மா! வந்துட்டு! வந்துட்டு உம்மா!"

அதோடு ஒரு சிரிப்பும் வந்தது. புதன்கிழமைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. பக்கத்து மாடிகளில் நின்றவர்களும் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள். ஹாஜரா பீவி திருகுகளை இறுக்கி, கடல்காற்றுக்கு அசையாமல் ஸ்டாண்டின் காலில் நாலு ஹாலோபிளாக் கல்லைத் தூக்கி வைத்தாள். மாப்பிள்ளையின் டிஷ் பக்கத்திலேயே, தூசி படிந்து, அதன் பாட்டுக்கு நின்றது. அதை அவள் தொடவே இல்லை.

பகல் சாப்பாட்டுக்குக் காஜா முஹ்யித்தீன் திரும்பி வந்தபோது வாசலிலேயே டிவி சத்தம் கேட்டது. உள்ளே ஹாஜரா பீவி சோபாவில் சம்மணம் போட்டு, தென்னையில் வெள்ளை ஈயை எப்படி விரட்டுவது என்று தூர்தர்ஷனில் ஓர் அதிகாரி விளக்குவதை, சாருமதியைப் பார்க்கும் அதே கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் தென்னையே கிடையாது. இருந்தாலும் அந்த வெள்ளை ஈ மேல் அவளுக்குப் பகை வந்துவிட்டது.

"நியூஸ் வருதா?" என்று அவர் கேட்டார். தான் இதில் இல்லை என்று காலையில் சொன்னது அவருக்கு அப்போது ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு ரிமோட்டை எடுத்தார். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தும் சேனல் வந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அந்த நேரத்தில்தான் ஷஃபீகாவின் போன் அடித்தது. ஷார்ஜா. ஞாயிற்றுக்கிழமை லீவு, சாவகாசமாகக் கூப்பிட்டிருந்தார் மாப்பிள்ளை. பழக்க தோஷத்தில் ஹாஜரா பீவி எழுந்து கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"அது என்ன சத்தம்?" என்று யாசிர் கேட்டது வெளியே வரை கேட்டது. "டிவியா?"

"ஆமா மச்சான்."

"எப்படி ஓடுது? யாரு ரீசார்ஜ் பண்ணா? என் நம்பருக்கு ஒண்ணும் வரலியே!"

"ஒங்க டிவி இல்ல மச்சான் இது. வேற டிஷ் வச்சாச்சு. இதுக்கு நம்பரே கெடையாது."

அடுத்து வந்த குரல் வேறு மாதிரி இருந்தது. "ஓ, அவ்வளவுக்கு வந்துட்டியா? என்னைக் கேக்காம என் வீட்டு மாடியில எவனையோ ஏத்தி... போனை மாமாகிட்ட குடு."

என் வீட்டு மாடி. கதவுக்குப் பின்னால் நின்ற ஹாஜரா பீவி அந்தச் சொல்லைக் கேட்டாள். இரண்டு வருஷமாக அவள் நின்ற இடம் அது. கையை வெளியே நீட்டினாள்.

"இங்கன குடு."

"உம்மா?"

"குடுளா."

போனை வாங்கிக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். வெட்கமும் கோபமும் சேர்ந்து காது மடல் சூடாகியது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாப்பிள்ளை, நான் ஹாஜரா பேசுதேன்."

"மாமி..." அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். எழுந்து நின்றுவிட்டார் போலிருக்கிறது. "அஸ்ஸலாமு அலைக்கும் மாமி."

"வ அலைக்குமுஸ்ஸலாம். சாப்பிட்டியளா?"

"ம்... இனிமேதான்."

"பசியோட இருக்காதிய. நான் ரெண்டு வார்த்தை பேசிட்டு வச்சிருதேன். மாடியில எவனும் ஏறல. நான்தான் ஏறினேன். இது என் உம்மா எனக்குத் தந்த வீடு, இப்ப ஷஃபீகா வீடு. இதுல எங்க மாடியில நான் ஏற யாரையும் கேக்க வேண்டாம் பாருங்க."

"நான் அந்த அர்த்தத்துல சொல்லல மாமி..."

"நீங்க டிவிய நிறுத்துனிய. சரி, ஒங்க பேரு, ஒங்க கணக்கு, நிறுத்துங்க. அதுக்கு எனக்கு வருத்தமில்ல. என்னைக் கம்பா எடுத்து என் மகள அடிச்சிய பாத்தியளா, அதுதான் எனக்கு ஆகல. நானும் புத்தி இல்லாம அவள ஏசிட்டேன். இனிமே அந்தக் கம்பு ஒங்க கைக்கு வராது."

"மாமி, அவ நல்லதுக்குத்தான் சொல்லுதேன். ஹார்பர் பக்கம் எப்படியாப்பட்ட எடம்னு ஒங்களுக்குத் தெரியாது. லாரிக்காரனும் லோடுமேனும்..."

"அவ என்ன லாரியவா தள்ளுதா? கம்ப்யூட்டர்ல கப்பலுக்குப் பேப்பர் போடுதா. நீங்க அங்கன என்ன வேலை பாக்குதிய?"

யாசிருக்கு வேலை ஷார்ஜாவில் ஒரு சரக்குக் கம்பெனியில், துறைமுகத்தை ஒட்டியே.

"ஒங்க ஆபீசுல பொம்பளையளே இல்லியா மாப்பிள்ளை? அவங்களுக்கெல்லாம் வீட்ல ஆள் இல்லியா?"

ஷஃபீகா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. உம்மா இப்படிப் பேசி அவள் பார்த்ததே இல்லை.

"சரி மாமி," என்றார் யாசிர். தோற்ற குரலாக இல்லை அது. நிதானமாக, கொஞ்சம் பாவப்படுகிற மாதிரி வந்தது. "இதெல்லாம் இப்ப எதுக்கு? முடிஞ்ச விஷயம். மாமா ஒங்ககிட்ட சொல்லலியா? நேத்து சாயங்காலமே அவ ஆபீசுக்குப் போன் போட்டு, 'இனிமே என் மகள் வேலைக்கு வர மாட்டா'ன்னு மாமா சொல்லிட்டாங்களே."

டிவியில் நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். காஜா முஹ்யித்தீனின் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. அவர் யாரையும் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தார்.

"வாப்பா?" என்றாள் ஷஃபீகா.

அந்த ஒரு சொல்லுக்கே அவர் தலை குனிந்துவிட்டது. மாப்பிள்ளை நிறுத்தியது டிவியை. வாப்பா நிறுத்தியது அவள் வேலையை. தூரத்தில் இருந்து வந்த அடியைத் தாங்கிக்கொண்டவளால் பக்கத்தில் இருந்து வந்ததைத் தாங்க முடியவில்லை.

"மாப்பிள்ளை, போயிச் சாப்பிடுங்க. நாங்க பொறவு பேசுதோம்," என்று ஹாஜரா பீவி போனை அணைத்தாள். கணவரின் பக்கத்தில் கிடந்த ரிமோட்டை எடுத்து டிவியையும் அணைத்தாள்.

"வீட்ல சண்டை வேண்டாமேன்னுதான்..." என்று அவர் ஆரம்பித்தார். "மாப்பிள்ளை சொன்னாக. நான் ஒரு போன் பண்ணிட்டா எல்லாம் அமைதியாயிரும்னு... மேனேஜர் பர்னபாஸ் சார் நல்லாத்தான் பேசினாரு. திங்கக்கெழமையே அந்த எடத்துக்கு வேற ஒரு பிள்ளை வந்துரும்னு சொல்லிட்டாரு."

"வேற பிள்ளையா?"

"ஆமா."

ஹாஜரா பீவி அவர் முன்னால் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவர் செருப்பைத் தேடியிருப்பார்.

"இத்தன வருஷத்துல நீங்க வந்த வீடு இதுன்னு நான் ஒருநாள் சொல்லிக் காட்டியிருக்கேனா? இல்ல. இன்னைக்குச் சொல்லுதேன். நாளைக்குக் காலையில அவ ஏறுற பஸ்ஸுல நீங்களும் ஏறணும். போன்ல சொன்னத நேர்ல போய் மாத்திச் சொல்லணும். 'என் மகளக் கேக்காம நான் சொன்னேன், தப்பு என்னோடது'ன்னு அந்த சார் முன்னால நின்னு சொல்லணும்."

"அந்தப் பிள்ளை வந்து உக்காந்திருந்தா?"

பதில் ஷஃபீகாவிடமிருந்து வந்தது. முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நீங்க வந்தாலும் வராட்டாலும் நான் போறேன் வாப்பா. கப்பல் பேப்பர் பாதியில நிக்கி, அது எனக்குத்தான் தெரியும். என் நாற்காலியில வேற ஆள் உக்காந்திருந்தா நின்னுக்கிட்டே வேலை பாப்பேன். போகச் சொன்னா, ஏன்னு கேட்டுட்டுத்தான் போவேன். எனக்காக இனிமே யாரும் பேச வேண்டாம்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம், இஸ்திரிப் பெட்டியை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.

காஜா முஹ்யித்தீன் வெகு நேரம் அணைந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் சோறு காய்ந்துவிட்டது. கடைசியில், யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாதவர் போல, மெல்லக் கேட்டார்.

"பஸ் எத்தன மணிக்கு?"

"ஏழே முக்காலுக்கு," என்றாள் ஹாஜரா பீவி. "ஒங்க சட்டைக்கு நீங்களே இஸ்திரி போட்டுக்கிடுங்க."